கார்ட்ரிட்ஜ் மாற்றலாமா, ஊசி போதுமா? ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு அடுத்த வரிசை வீட்டு அண்ணன் ஒருவர், தீபாவளிக்கு முந்தின வாரம், கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"தம்பி, பசியாறிட்டியா? இந்தக் கார்ட்ரிட்ஜ் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நல்லதா ஒண்ணு சொல்லு, வாங்கிடலாம்."

நகைக்கடை நண்பர் கொடுத்த பூதக்கண்ணாடி என் மேசையில் எப்போதும் இருக்கும். அதில் வைத்துப் பார்த்தேன். ஊசி முனையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி தூசி; உள்ளே வைரம் இருப்பதே தெரியவில்லை. உலர்ந்த மென்தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் நாலு தடவை மெல்ல இழுத்தேன். உருண்டை கழன்று விழுந்தது. பிறகு அவர் வீட்டுக்குப் போய் ஊசியின் அழுத்தத்தை அளந்தால், 2 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 3.4 கிராம் காட்டியது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின் (டோன்ஆர்ம்) பின்னால் உள்ள பின்எடையைப் பேரப்பிள்ளைகள் யாரோ திருகியிருக்கிறார்கள். சரிசெய்து ஒரு தட்டைப் போட்டேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், அந்தப் பக்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. செலவு ஒரு சென் கூட இல்லை.

இதற்காகக் கார்ட்ரிட்ஜ் மாற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மாற்றியிருக்கிறேன், நல்ல பலன் கண்டிருக்கிறேன். ஆனால் காதில் கேட்கும் குறை எந்த உறுப்பின் குறை என்று பிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். பாதியில் பதில் கிடைத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை

ஊசி, அது பொருந்திய மெல்லிய குழல், அந்தக் குழலின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி, இவை மூன்றும் சேர்ந்ததுதான் கார்ட்ரிட்ஜ். குழலுக்குப் பெயர் கேண்டிலீவர். கேண்டிலீவரின் மறுமுனையில் குட்டிக் காந்தம் இருந்தால் அது மூவிங் மேக்னட், சுருக்கமாக எம்எம். கம்பிச்சுருள் இருந்தால் மூவிங் காயில், எம்சி. நம் ஊர் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் எம்எம்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: செராமிக். பழைய ரேடியோகிராம்களிலும், இப்போது விற்கும் சூட்கேஸ் பிளேயர்களிலும் இருப்பது அதுதான். ஒரு பக்கம் எல்பிக்கும் மறுபக்கம் பழைய 78 சுற்றுத் தட்டுக்கும் என்று புரட்டிப் போடும் ஊசியைச் சிலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். செராமிக் பல நூறு மில்லிவோல்ட் தரும். அதனால் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமலே பாடும். ஆனால் தட்டின் மேல் ஐந்து, ஆறு கிராம் அழுத்தி உட்காரும். இப்படிப்பட்ட பிளேயர் உங்களுடையது என்றால், கார்ட்ரிட்ஜை உயர்த்தும் பேச்சே வேண்டாம். அந்தக் கைக்கு எம்எம் பொருந்தாது, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருந்தாது. புது ஊசி மட்டும் போட்டு, அருமையான தட்டுகளை அதில் ஓட்டாமல் இருங்கள். சேர்த்த காசை வேறு பிளேயருக்கு வையுங்கள்.

ஆரம்பநிலை பிளேயர்கள் பலவற்றில் ஆடியோ-டெக்னிகா ஏடி3600எல் அல்லது அதே குடும்பத்துக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். கூம்பு முனை, சுமார் 3.5 கிராம் அழுத்தம். கையின் பின்னால் திருகும் எடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழுத்தத்தை மாற்ற வழியில்லை, 2 கிராம் கேட்கும் கார்ட்ரிட்ஜை அதில் மாட்டவும் முடியாது. அங்கேயும் ஊசி மாற்றத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

பின்எடை உண்டு, கார்ட்ரிட்ஜ் இரண்டு சிறு திருகுகளில் அரை அங்குல இடைவெளியில், அதாவது 12.7 மில்லிமீட்டரில், தொங்குகிறது என்றால் மேலே படியுங்கள்.

காது சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தட்டை எடுங்கள். முதல் பாட்டையும் அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கேளுங்கள். எது உறுத்துகிறதோ அதைத் தாளில் எழுதுங்கள். "சத்தம் நல்லா இல்ல" என்று எழுதினால் பயனில்லை. எந்த இடத்தில், எந்த எழுத்தில், எந்தக் காதில் என்று எழுத வேண்டும்.

ஒரு பக்கம் சத்தமே இல்லை அல்லது விட்டுவிட்டு வருகிறதா? ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் நாலு சின்ன முனைகளைத் துடைத்து மாட்டுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அவை கறுத்துவிடும். நான் பார்த்த "செத்துப்போன" கார்ட்ரிட்ஜ்களில் பாதி இதில் உயிர் பெற்றவை.

உறுமல் கேட்கிறதா? பிளேயரின் எர்த் கம்பி ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டு இழுத்து இழுத்துப் பாடினால் பெல்ட் தளர்ந்திருக்கும். பாட்டு முழுவதுமே சுருதி இறங்கிக் கேட்டால் அது வேறு கதை. வெளியூர் பிளேயர் சிலவற்றில் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். அத்தகைய மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பாடகர் குரல் மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ஜப்பானிலிருந்து வந்த பழைய பிளேயர் என்றால் 100 வோல்ட்டுக்கானதா என்றும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சத்தம் மெலிந்து, கீழ்ச்சுருதி இல்லாமல் தகரம் மாதிரி ஒலிக்கிறதா? ஃபோனோ அல்லாத துளையில் செருகியிருப்பீர்கள். தட்டு வெட்டும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்து, மேல்சுருதியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954-லிருந்து ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவுக்கோடு இதற்கு நிலைத்துவிட்டது. அதைத் திருப்பிப் போடும் வேலை ஃபோனோ ப்ரீஆம்பினுடையது.

இவை எதுவும் இல்லை. முதல் பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசிப் பாட்டில் "ச", "ஸ" எழுத்துகள் சிதறி எச்சில் தெறிப்பது போல் கேட்கின்றன என்றால், கார்ட்ரிட்ஜ் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. காரணம் எளிது. எல்பி நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே "ஸ" பாதிக்கும் குறைவான இடத்தில் நெருங்கிக் கிடக்கிறது. தேய்ந்த ஊசி, தடித்த முனை, கோணலாக மாட்டிய கார்ட்ரிட்ஜ், மூன்றும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஊசிக்கு வயசு என்ன

கூம்பு முனைக்குச் சுமார் 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300, ஷிபாட்டா என்ற கூர்முனைக்கு 800, மைக்ரோலைன் என்ற கூர்முனைக்கு 1000 என்று ஆடியோ-டெக்னிகா கணக்குச் சொல்கிறது. வேறு நிறுவனங்கள் இன்னும் தாராளமாகச் சொல்வதுண்டு. நான் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வேன். தேய்ந்த வைரம் உளி மாதிரி விளிம்பு கட்டி, தட்டையும் சேர்த்துச் செதுக்கிவிடும். ஊசி கடையில் கிடைக்கும், அந்தத் தட்டு கிடைக்காது.

ஒரு எல்பி இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிஷம் என்று வையுங்கள். தினமும் ஒன்று கேட்டால் வருஷத்துக்கு 243 மணி நேரம். நீள்வட்ட ஊசி ஒன்றேகால் வருஷத்தில் கணக்கை முடித்துவிடும். ஞாயிறு மட்டும் இரண்டு எல்பி கேட்பவருக்கு நாலு வருஷத்துக்கு மேல் வரும். யாரிடமாவது பழையதாக வாங்கிய பிளேயர் என்றால், ஊசி முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடைக் கண்ணாடி பத்து மடங்குதான் பெரிதாக்கும். தூசி தெரியும், கேண்டிலீவர் வளைந்திருந்தால் தெரியும். வைரத்தின் தேய்மானம் தெரியாது. அதற்கு நூறு மடங்குக்குப் பக்கத்தில் வேண்டும். கணினியில் செருகும் சிறு மைக்ரோஸ்கோப் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தட்டுகள் என்ன கேட்கின்றன

கார்ட்ரிட்ஜ் வாங்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் அதிகம் பேசாத இடம் இது. அவர்கள் புதிதாக அச்சான ஸ்டீரியோ எல்பியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் அலமாரிகளில் இருப்பது வேறு.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். அவர் விட்டுப்போன பெட்டியில் எழுபதுக்கு மேல் தட்டுகள். பெரும்பாலும் ஏழு அங்குல 45 சுற்று ஈபிகள், கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான எச்எம்வி, கொலம்பியா தட்டுகள். கொஞ்சம் இன்ரெகோ, எண்பதுகளின் எக்கோ எல்பிகள் நாலைந்து, அடியில் தடித்த 78 சுற்றுத் தட்டுகள். இந்த ஈபிகளில் பல, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டி விடிய விடிய ஓட்டியவை. ஒரு தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் இன்றும் தெரியும்: பாட்டு உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் பள்ளம் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும். கனத்த செராமிக் ஊசி உழுத தடம் அது.

இப்படிப்பட்ட தட்டுக்கு விலை உயர்ந்த கூர்முனை என்ன செய்யும்? கூம்பு முனை பள்ளத்தின் சுவரில் ஒரே ஒரு புள்ளியில் தொடும். நீள்வட்டம் நெருக்கமான அலைகளுக்குள் இன்னும் நன்றாக நுழையும். மைக்ரோலைனும் ஷிபாட்டாவும் சுவரின் மேலிருந்து கீழ்வரை நீளமாகத் தொடும். ஷிபாட்டா முனை 1970களில் ஜேவிசியின் நாலு சானல் தட்டுகளுக்காக ஜப்பானில் உருவானது. கேட்க முடியாத உயர்ந்த அலைகளையும் படிக்க வேண்டிய தேவையில் பிறந்த வடிவம். அப்படி நீளமாகத் தொடும் முனை, பழைய ஊசி தொடாமல் விட்ட சுவர்ப்பகுதியைச் சில தட்டுகளில் கண்டுபிடிக்கும்; கேட்டால் கண் கலங்கிவிடும், அவ்வளவு புதுசாக இருக்கும். வேறு சில தட்டுகளிலோ ஒவ்வொரு கீறலையும் ஒவ்வொரு பூஞ்சைப் புள்ளியையும் துல்லியமாகப் படித்துக்காட்டும். எது நடக்கும் என்று வாங்கும் முன் சொல்ல முடியாது. நண்பர் ஒருவரிடம் கூர்முனை இருந்தால், உங்கள் மோசமான ஐந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

என் முடிவு இது: பெட்டியில் பாதிக்கு மேல் உழுத மோனோ ஈபிகள் என்றால் நல்ல கூம்பு அல்லது சாதாரண நீள்வட்டமே போதும், மிச்சக் காசைத் தட்டு கழுவுவதற்குச் செலவழியுங்கள். எக்கோ காலத்து ஸ்டீரியோ எல்பிகளும், இப்போது வாங்கும் புதுத் தட்டுகளும்தான் அதிகம் என்றால், மைக்ரோலைன் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கடைசிப் பாட்டு முதல் பாட்டைப் போலவே வரும்.

மோனோ தட்டுக்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் சேர்த்துப் படிக்கும். அதில் இருப்பது இரைச்சல் மட்டும்தான். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரண்டு சானலும் கலக்கும்போது அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பொரிப்பது பாதியாகக் குறைந்தது போல் இருக்கும்.

78 தட்டுகளை எல்பி ஊசியில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அவற்றின் பள்ளம் சுமார் மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசி அடியில் கிடக்கும் குப்பையில் உருளும். தனி ஊசி வேண்டும், மூன்று மில் முனை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஆடியோ-டெக்னிகா விஎம்95எஸ்பி, ஆர்ட்டோஃபோன் 2எம் 78 இரண்டும் இதற்கென்றே வருபவை. அழுத்தத்தை மறுபடி சரிசெய்ய மறக்கக் கூடாது.

கழுவுவது பற்றி இரண்டு வார்த்தை. வினைல் தட்டுக்கு வடிநீரும் ஓரிரு துளி நுரைநீரும் போதும். 78 தட்டை ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்காதீர்கள். அந்த அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டும் சேர்ந்து கரையும். கழுவியதை நன்றாகக் காயவிட்டு உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை திரும்பி வரும்.

ஊசியை மட்டும் உயர்த்தலாமா

எம்எம் கார்ட்ரிட்ஜின் பெரிய வசதி, ஊசிப்பகுதி கையாலேயே கழன்று வரும். ஒரே உடல், பல ஊசிகள் என்று குடும்பங்கள் உண்டு. ஆடியோ-டெக்னிகா விஎம்95 குடும்பத்தில் கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா, 78 எல்லா ஊசிகளும் ஒரே உடலில் மாறி மாறி மாட்டும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் வைத்திருப்பவர் ப்ளூவின் ஊசியை மட்டும் வாங்கி மாட்டினால் அது ப்ளூதான். ப்ரான்ஸும் ப்ளாக்கும் வேறு உடல். அந்த ஊசிகளின் முழுப் பலன் அந்த உடலில்தான்.

ஆகவே குடும்பத்துக்குள் மேலே ஒரு படி இருந்தால், முதலில் அந்தப் படியில் ஏறுங்கள். திருகு கழற்ற வேண்டியதில்லை, கோணம் பிடிக்க வேண்டியதில்லை. டோன்ஆர்ம் கெட்டுப்போகும் ஆபத்தும் இல்லை. கேட்கிற மாற்றத்தில் பெரும்பங்கு ஊசி முனையிலிருந்துதான் வருகிறது.

ஷூர் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் கேட்பார்கள். ஷூர் 2018-ல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ அவற்றுக்கு மாற்று ஊசிகள் செய்கிறது. உடல் நன்றாக இருந்தால் ஜிகோ ஊசி போட்டு ஓட்டுவதுதான் நான் செய்வது.

கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பார்ப்பது போல இங்கேயும் பொருத்தம் பார்க்க வேண்டும், ஆனால் ஒரே பொருத்தம்தான். கையின் எடையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் தானாக ஆடும். அது 8-க்கும் 12 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் விழ வேண்டும். கீழே போனால் வளைந்த தட்டில் கை துள்ளும். மேலே போனால் கீழ்ச்சுருதி வீங்கும்.

கையின் செயல்எடை (எஃபெக்டிவ் மாஸ்), கார்ட்ரிட்ஜ் எடை, திருகு எடை மூன்றையும் கூட்டுங்கள். அதை ஊசியின் நெகிழ்வைச் சொல்லும் கம்ப்ளையன்ஸ் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். 12 கிராம் கை, 7.2 கிராம் 2எம் ரெட், திருகுகள் 0.8 கிராம்: மொத்தம் 20. கம்ப்ளையன்ஸும் 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, விடை ஏறக்குறைய 8. சரியான எல்லையின் தொடக்கத்தில் நிற்கிறது. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் அந்த எண்ணை 100 ஹெர்ட்ஸில் அளந்து போட்டிருப்பார்கள். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் தாங்குமா

எம்எம் 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். நூறு மடங்கு பெருக்கினால் போதும். எம்சி பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான், ஆயிரம் மடங்கு வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய வானொலிக்காக டெனான் செய்த டிஎல்-103 இன்றும் கிடைக்கிறது, எனக்கு உயிரான குரல் அதில்தான். ஆனால் அது 0.3 மில்லிவோல்ட், எம்சி வசதியுள்ள ப்ரீஆம்பும் கனமான கையும் கேட்கும். எம்சியில் பொதுவாக ஊசியை மட்டும் மாற்றவும் முடியாது. முதல் உயர்த்தலுக்கு எம்எம்மே போதும் என்பேன்.

பிளேயரை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் ஆர்சிஏ கம்பியை நீளமானதாக மாற்றியிருந்தால் திரும்பவும் குட்டையானதைப் போடுங்கள். கம்பி நீள நீள மின்கொள்ளளவு கூடும். ஆடியோ-டெக்னிகா எம்எம்கள் 100 முதல் 200 பிக்கோஃபாரட் வரைதான் கேட்கின்றன. கூடினால் குரல் கூச்சலாகும், பழி கார்ட்ரிட்ஜ் மேல் விழும்.

வாங்கும்போது

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "பிரிக்காத பழைய சரக்கு" என்று ஓர் ஊசி வாங்கினேன். பெட்டி முத்திரையோடு வந்தது. மாட்டி ஓட்டினால் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசியது. கேண்டிலீவரைத் தாங்கும் அந்தக் கடுகளவு ரப்பர் வளையம் முப்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்து சீர்கெட்டிருந்தது. காய்ந்த ரப்பர் எப்படிப் போகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: சில கல்லாகும், சில பிசினாகும். வைரம் புதுசாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் பழசு. அன்றிலிருந்து ஊசி மட்டும் புதிதாகச் செய்ததையே வாங்குகிறேன்.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தைக்குப் போனால் தட்டு பார்க்கலாம், பிளேயர் பார்க்கலாம். அங்கே கிடைக்கும் பழைய கார்ட்ரிட்ஜ் உடலும் வாங்கலாம், இரண்டு சுருளும் உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு. எம்சியை மட்டும் அப்படி அளக்காதீர்கள். மீட்டர் செலுத்தும் மின்சாரமே அந்த மெல்லிய சுருளுக்கு ஆபத்து.

விலைக்கு என் அளவு: பிளேயர் வாங்கிய விலையில் பாதியைக் கார்ட்ரிட்ஜ் தாண்டக் கூடாது.

மாட்டும் முறை

காலையில், வெளிச்சத்தில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு செய்யுங்கள். அவசர வேலை இல்லை.

பிளேயரை நீர்மட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். ஹெட்ஷெல்லைக் கழற்றி மேசையில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள், திருகு தொலையாது. புதுக் கார்ட்ரிட்ஜின் ஊசிமூடி மாட்டியே இருக்கட்டும். ஊசி தனியாகக் கழலும் என்றால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், இன்னும் நிம்மதி.

நாலு கம்பிகள். வெள்ளை இடது, நீலம் இடது எர்த், சிவப்பு வலது, பச்சை வலது எர்த். கார்ட்ரிட்ஜின் பின்னால் அதே நிறம் அல்லது எழுத்து இருக்கும். கம்பியை இழுக்காதீர்கள், முனையிலுள்ள உலோகக் குப்பியைச் சிறு குறட்டால் பிடித்து நேராகத் தள்ளுங்கள். தளர்வாக இருந்தால் குப்பியைப் பல்குச்சி மேல் வைத்து லேசாக நெருக்குங்கள். கார்ட்ரிட்ஜ் முனையில் ஈயம் பற்றவே வைக்கக் கூடாது. சூடு உள்ளே போய்ச் சுருளை அறுத்துவிடும்.

திருகுகளைக் கார்ட்ரிட்ஜ் கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் முடுக்கி, ஹெட்ஷெல்லைக் கையில் மாட்டுங்கள். ஊசியைப் போட்டு மூடியைக் கழற்றுங்கள். கை உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, கை காற்றில் கிடைமட்டமாக மிதக்கும்வரை பின்எடையைத் திருகுங்கள். அந்த நிலையில் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, நிறுவனம் சொன்ன அழுத்தத்துக்குப் போங்கள்: 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95இ-க்கு 2.

வளையத்தை முழுக்க நம்பாதீர்கள். சிறு மின்தராசில் அளந்து பாருங்கள், நகைக்கடைத் தராசும் உதவும். தராசின் தட்டு, இசைத்தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். உயர்ந்தால் அளவு பிசகும். தராசுத் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பொய் சொல்லும். தட்டுக்கு நல்லது என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி அடிக்கும். அந்த அடிதான் தட்டைக் கெடுப்பது.

இனி கோணம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அளவுத்தாளை அச்சடித்து, அதில் போட்டிருக்கும் நீளக்கோட்டை அளவுகோலால் சரிபாருங்கள்; அச்சு இயந்திரம் சுருக்கியிருந்தால் எல்லாம் வீண். ஊசி முனை மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் உள்ள புள்ளிகளில் உட்காரும்போது, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் தாளிலுள்ள கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். இது பேர்வால்ட் முறை. நம் ஈபி பிரியர்களுக்கு ஸ்டீவன்சன் முறையைச் சொல்வேன்: புள்ளிகள் 60.3, 117.4. ஏழு அங்குலத் தட்டின் பாட்டு லேபிளை ஒட்டி முடியும், இந்த முறை அந்த உள்பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறது. டெக்னிக்ஸ் பிளேயர் வைத்திருப்பவருக்கு இன்னும் எளிது. ஹெட்ஷெல் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனைவரை 52 மில்லிமீட்டர்.

ஒரு புள்ளியில் சரியாகி இன்னொன்றில் பிசகும். முன்னும் பின்னும் முடி அளவு நகர்த்தித் திரும்பத் திரும்பப் பாருங்கள். எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது. பொருந்தியதும் திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள், நசுக்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் நகர்ந்ததால் அழுத்தமும் மாறியிருக்கும், மறுபடி அளங்கள்.

தட்டின் மேல் ஊசி இருக்கும்போது பக்கத்திலிருந்து பாருங்கள், கை தட்டுக்கு இணையாக இருக்கிறதா. முன்னாலிருந்து பாருங்கள், கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறதா. சின்னக் கண்ணாடித் துண்டில் ஊசியை இறக்கினால் பிம்பம் நேராக இருக்கிறதா என்று தெரியும். ஆன்டி-ஸ்கேட்டை அழுத்தத்தின் அதே எண்ணில் வையுங்கள்.

மாட்டிய பிறகு

முதல் 20, 30 மணி நேரம் சத்தம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். ரப்பர் இளகியதும் சரியாகும். ஆரம்பத்தில் எழுதி வைத்த தாளை எடுங்கள். அதே தட்டு, அதே கடைசிப் பாட்டு. நீங்கள் குறித்த குறை போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதுக் கார்ட்ரிட்ஜ் சத்தமாகப் பாடினால் நல்லது போலவே காதுக்குத் தோன்றும். வால்யூமைக் குறைத்துச் சமன் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். குறை அப்படியே இருந்தால் கோணத்தை மறுபடி பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் அது தட்டிலேயே உழுத தடம். எந்தக் கார்ட்ரிட்ஜும் அதை அழிக்காது.

கழற்றிய பழைய கார்ட்ரிட்ஜை வீசாதீர்கள். ஹெட்ஷெல் கழலும் கை என்றால், இன்னொரு ஹெட்ஷெல் வாங்கி அதில் மாட்டி வையுங்கள். உழுத ஈபிகளுக்கும், விருந்தாளிகள் போடும் தட்டுகளுக்கும் அது. நல்ல எல்பிகளுக்குப் புதியது. அடுத்த வரிசை வீட்டு அண்ணனும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். ஊசி மாட்டிய தேதியைத் தாளில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு தட்டு ஓடி முடிந்ததும், ரப்பர் ஸ்டோரில் பால் எடை குறித்த பழக்கத்தில், பென்சிலால் ஒரு கோடு போடுகிறார்.